அரை லிட்டர்

முள்ளோடை பங்கில் டேங்க்கை நிரப்பினேன்.
எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டால்
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்.
பங்க் பையன் பானட்டைத் தட்டி
ஆயில் பார்க்கட்டுமா சார் என்றான்.
குச்சியில் கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே
ஈரம் இருந்தது.
அரை லிட்டர் ஊத்திக்கலாம் சார்.
போதும் விடு என்றேன்.
ஆபீஸ் போக, காய்கறி வாங்க,
மஞ்சக்குப்பம் திரும்பப்
போதும்தான்.

பாகூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவு.
வளைவு வைத்தார்கள், தார் போட்டார்கள்,
கலர்க்கொடி கட்டினார்கள்.
வீடு மட்டும் யாரும் கட்டவில்லை.
ஞாயிறு விடிந்ததும்
ஏழெட்டுப் பேர் அங்கே வேகமாகிறோம்.
ஒரு பல் டாக்டர்,
சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத்
தூங்காமல் வரும் இரண்டு பேர்,
அப்பாவுக்குத் தெரியாமல் கார் எடுத்து வரும்
ஒரு காலேஜ் பையன்,
பதினெட்டு வயசு எஸ்டீமும் நானும்.
நாற்பத்தேழாம் எண் மனைக்கல்லில் உட்கார்ந்து
தில்லைக்கரசி போனில் நேரம் பிடிப்பாள்.

பூங்காவுக்கென ஒதுக்கிய வட்டத்தைச் சுற்றித்தான்
நீளமான வளைவு.
வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தால்
உடம்பு காலி சீட்டுப் பக்கம் இழுபடும்.
பாட்டிலில் தண்ணீர்
ஒரு பக்கமாய் ஏறி நிற்கும்.
எனக்குக் கீழே எண்ணெயும்
அதே மாதிரி ஏறி நின்றிருக்கிறது.
உறிஞ்சும் குழாய்
காற்றைக் குடித்திருக்கிறது.

டொக்.

கல் என்று நினைத்தேன்.
கல்லென்றால் என் காலுக்குக் கட்டுப்படாது.
இது கட்டுப்பட்டது.
மிதித்தால் வேகமாய்,
விட்டால் மெதுவாய்,
உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற ஆள் மாதிரி.
நான் நிறுத்துவதற்கு முன்பே
அவள் கல்லைவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

டாடா ஏஸில் கயிறு கட்டி
முதுநகர்வரை இழுத்து வந்தோம்.
ஐஸ் உருகி ஒழுகும் மீன்வண்டிகளுக்குப் பின்னால்
என் கார்
எதுவும் பேசாமல் வந்தது.

தமீமுன் குழிக்குள் இறங்கிக் கீழ்த்தட்டைக் கழற்றினான்.
வடித்த எண்ணெயில் ஜிகினா.
கல்யாண மண்டபத்துத் தரையைக் கழுவிய தண்ணீர்போல
மினுமினுவென்று.
விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினான்.
உங்க பேரிங் சார் இது.

தினசரியை விரித்து
பிறைபிறையாய் எட்டுத் தகடும் வைத்தான்.
ஆறு பரவாயில்லை.
இரண்டாம் ஜோடியில் வெள்ளை முழுக்கப் போய்ச்
செம்பு தெரிந்தது.
ஒன்று நழுவி மற்றதன்மேல் ஏறி
வெற்றிலையாய் மெலிந்திருந்தது.
இதுவும் தண்டும் தொட்டுக்கவே கூடாது சார்,
நடுவுல மயிரிழை எண்ணெய்,
அதுமேலதான் மொத்த ஓட்டமும்.
ஒரு செகண்ட் இல்லேன்னா
கட்டிப் புடிச்சுக்கும்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.
செவப்பு லைட் எரிஞ்சுதா?

இல்லை என்றேன்.

அப்ப பல்பு போயிருக்கும்,
பாத்துரலாம் என்று
கதவைத் திறந்து குனிந்து
சாவியைத் திருப்பினான்.

எரிந்தது.
கொய்யாப்பழத்தின் உள்சிவப்பில்,
ஒரு குறையும் இல்லாமல்.
மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

முதல் சுற்றில் அந்த வளைவில்
ஒரு கணம் சிமிட்டியது.
சவுக்குத் தோப்புக்கு மேலே வெயில் ஏறியிருந்தது,
கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.
இரண்டாம் சுற்றில்
அதே இடம், அதே வெயில்.
மூன்றாவதில்
அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கிராங்க் கடைசல், பேரிங் செட்,
பேக்கிங், கூலி என்று
சிகரெட் அட்டையின் பின்பக்கம்
தமீமுன் எழுதிக்கொண்டு வந்தான்.
ஆயிலுக்கு வந்ததும்
பேனாவை உதறினான்.

ஐம்பத்தெட்டு புள்ளி நாலு
என்றாள் தில்லைக்கரசி.
மூணாவது சுத்து.
இதுவரைக்கும் உன் பெஸ்ட்டு.

சொல்லிவிட்டு
உள்ளே கைநீட்டிச்
சாவியை அணைத்தாள்.